எந்த அறைவரை? ஆண் வீட்டுப் பணியாளர்: வரலாறு, புனைவு, சட்டம்

'பட்லர் இங்கிலீஷ்' என்னும் தொடரைத் தமிழர் இன்றும் எள்ளலாகவே வழங்குகின்றனர். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் அது தனிச்சொல்லாகவே இடம்பெற்றிருக்கிறது: சென்னை மாகாணத்தில் ஐரோப்பியரின் வீட்டுப் பணியாளர்கள் பேசிய உடைந்த ஆங்கிலம் என்பது அதன் பொருள். பள்ளிக்கூட வாயில் அடைபட்டிருந்த காலத்தில், ஆசிரியரும் நூலும் இன்றி, பிறர் இட்ட ஏவல்களைக் காதால் கேட்டே ஓர் அயல்மொழியைக் கற்றவர்களின் மொழி அது. அவர்களுள் மிகப் பலர் பறையர். இந்த ஒரு செய்தியைச் சேர்த்துக்கொண்டு அத்தொடரை மீண்டும் சொல்லிப் பார்த்தால், அந்தச் சிரிப்பு யாருடையது என்பது விளங்கும்.

வீட்டுப் பணி என்றதும் இன்று நம் கண்முன் தோன்றுபவர் பெண்தான். இது அண்மைக்கால மாற்றம். இந்திய நகரங்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலும் சமைத்தவர், பரிமாறியவர், நீர் சுமந்தவர், விளக்கேற்றியவர், பங்கா இழுத்தவர் பெரும்பாலும் ஆண்களே. கொல்கத்தாவை ஆய்ந்து ராகா ராய், சீமின் கயூம் இருவரும் 2009இல் வெளியிட்ட நூல், ஆண் பணியாளர் குறைந்து பெண் பணியாளர் மிகுந்த மாற்றத்தை விரிவாகப் பதிவு செய்கிறது. ஆண் பணியாளரின் வரலாற்றைத் தேடுவோர் கூலி, வேலைநேரம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். அவற்றுக்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. எந்தச் சாதி ஆண் அந்த வீட்டின் எந்த அறைவரை நுழையலாம்?

மாட்டிறைச்சியும் காலணியும்

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் வீட்டுப் பணியாளரின் சாதி ஊருக்கு ஊர் மாறியது. கொல்கத்தாவில் கான்சாமாவும் கித்மத்காரும் பெரும்பாலும் இசுலாமியர், கழிவகற்றியவர் மேத்தர், நீர் சுமந்தவர் பிஸ்தி. பம்பாயில் கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கர் சமையற்கட்டை ஏற்றனர். சென்னையில் பட்லர், சமையற்காரர், அவருக்குத் துணையான 'மேட்டி', குதிரைக்காரர் ஆகிய பணிகளில் பறையர் மிகுந்திருந்தனர்.

காரணத்தை அபே துபுவா வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஐரோப்பியர் மாட்டிறைச்சி உண்பவர்கள். அவர்களது காலணியைத் துடைக்கவும் கழிகலத்தை அகற்றவும் ஆள் வேண்டும். சாதி இந்துக்கள் அப்பணிகளைத் தீட்டென ஒதுக்கினர். ஆகவே பறையரையே அமர்த்த வேண்டியதாயிற்று என்பது அவர் கூற்று. துபுவா நம்மவர்பால் பரிவுடையவர் அல்லர். அவர் நூலெங்கும் இகழ்ச்சி இழையோடுகிறது. ஆயினும் சாட்சியம் சாட்சியமே. வேலையை ஒதுக்கியோர் விட்டுச்சென்ற வாயில் வழியாகவே தீண்டப்படாதவர் எனப்பட்டோர் வெள்ளையரின் உணவறைக்குள் நுழைந்தனர்.

'ஒரு வேலைக்கு ஒரு சாதி' என்னும் கட்டு, பணியாளர் எண்ணிக்கையையும் பெருக்கியது. 1770களில் கொல்கத்தாவில் பிலிப் பிரான்சிஸின் வீட்டில் நால்வருக்கு நூற்றுப்பத்துப் பணியாளர் இருந்ததாக அவருடைய மைத்துனர் மெக்ராபி குறிக்கிறார். வெள்ளையர் இதனை இந்தியரின் சோம்பல் என்று எழுதிவைத்தனர். பரிமாறுபவர் கழிகலத்தைத் தொடார், நீர் சுமப்பவர் சமையலில் கைவையார் என்னும் சாதிப் பிரிவினைதான் அந்த எண்ணிக்கையாக உருவெடுத்தது. அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் ஆண் பணியாளர் ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்டார். அமெரிக்கப் போர்ச் செலவுக்காக நார்த் பிரபு 1777இல் ஆண் பணியாளர்மீது வரி விதித்தார். அவ்வரி 1937 வரை நீடித்தது. அங்கே ஆண் பணியாள் செல்வத்தின் அடையாளம். இங்கே தீட்டைச் சுமப்பதற்கான ஏற்பாடு.

துபாஷியும் பட்லரும்

ஐரோப்பியருக்கு ஊழியம் செய்தோர் இரு வகையினர். கணக்கு, கொடுக்கல் வாங்கல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைக் கவனித்தவர் துபாஷி. வீட்டுக்குள் பணியாற்றியவர் பட்லர். முதற்பணி வேளாளர், பிராமணர், யாதவர் முதலிய சாதியினரிடம் இருந்தது. புதுச்சேரியில் துய்ப்ளேக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பைத் தமிழ் உரைநடையின் மைல்கல்லாகப் போற்றுகிறோம். துபாஷி பச்சையப்ப முதலியாரின் பெயரில் கல்லூரியே இருக்கிறது. ஊழியம் என்ற அளவில் இருவரும் ஒரே எசமானின் ஆட்களே. ஒருவரது ஊழியம் வள்ளன்மையாகவும் வரலாறாகவும் ஆயிற்று. மற்றவரது ஊழியம் நகைச்சுவையாயிற்று.

இங்கே நினைக்கத்தக்க ஒரு பெயர் கந்தப்பன். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனாராகிய இவர், ஜார்ஜ் ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். தம் குடும்பத்திலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை அவர் ஹாரிங்டனிடம் அளித்தார் என்றும், அது சென்னையின் ஆட்சியராயிருந்த எல்லிஸிடம் சென்று சேர்ந்தது என்றும் அயோத்திதாசர் பதிவு செய்கிறார். குறளின் மூலம் 1812இல் அச்சேறியது. எல்லிஸ் அதன் ஒரு பகுதியை மொழிபெயர்த்து உரையும் எழுதினார். இப்பதிவைக் கேட்கும் பலருக்கு முதலில் தோன்றும் ஐயம், 'ஒரு பட்லர் வீட்டில் ஏட்டுச்சுவடியா?' என்பது. ஒரு துபாஷியின் வீட்டில் சுவடி இருந்தது என்றால் எவரும் ஐயுறமாட்டார். தொழிலை வைத்து அறிவை அளக்கும் பழக்கம் நம் ஆய்வுத்துறையிலும் இருக்கிறது என்பதற்கு அந்த ஐயமே சான்று.

பட்லர் வாழ்வைப் புகழ்ந்துரைப்பது என் நோக்கமன்று. அடி உண்டு, எந்நேரமும் வெளியேற்றப்படலாம், அடுத்த வீட்டில் வேலை கிடைப்பது முந்தைய எசமான் தரும் நற்சான்றுச் சீட்டைப் பொறுத்தது. அச்சீட்டில் தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படிக்க இயலாமலே சுமந்து சென்றவர் பலர். எனினும் மாதக்கூலி காசாகக் கிடைத்தது. நெல்லளந்து ஆளைக் கட்டிவைத்த பண்ணைக்கு அப்பால் ஒரு பிழைப்பு உண்டு என்பதை அது காட்டியது. 1845இல் பிறந்த அயோத்திதாசர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். கந்தப்பன் பட்லராயிருந்தது அந்த இதழாசிரியரின் குடும்ப வரலாற்றின் ஒரு பகுதி. இதனை மறைக்கவும் வேண்டா, இதற்கு நாணவும் வேண்டா.

சாதி இந்து வீடு

தமிழ்ச் சாதி இந்துக்களின் வீட்டில் அந்த வாயிலும் திறக்கவில்லை. அங்கும் ஆண் பணியாளர் இருந்தனர். பிராமணர் வீட்டில் பரிசாரகர் பிராமணர். சைவ வேளாளர் இல்லங்களிலும் மடங்களிலும் தவசிப்பிள்ளை. அடுக்களைக்குள் நுழைபவரின் சாதி வீட்டாரின் சாதிக்குச் சமமாகவோ மேலாகவோ இருத்தல் வேண்டும் என்பது விதி. நாவிதரும் வண்ணாரும் கொல்லைப்புறம்வரை. தலித் ஆண் பண்ணையாளாக வயலிலும் தொழுவத்திலும் நின்றுவிட்டார். அவரும் அவ்வீட்டின் பணியாளரே. அவ்வீட்டின் மாடு, விறகு, சாணம், எருக்குழி யாவும் அவர் பொறுப்பு. வீட்டுக்காக உழைத்தும் 'வீட்டுப் பணியாளர்' என்னும் பெயர் அவருக்குக் கிட்டவில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) கவுண்டர்களிடம் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியச் சிறுவர்களின் வாழ்வைச் சொல்கிறது. அச்சிறுவர்களைப் பண்ணை அடிமைகள் என்று மட்டுமே வாசித்துவந்திருக்கிறோம். வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட வீட்டு வேலைக்காரர்கள் என்றும் அவர்களை வாசிக்கலாம்.

இங்குதான் நம் சட்டப் பேச்சும் தடுமாறுகிறது. 'வீட்டுப் பணியாளர்' என்ற சொல் வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவரை மட்டுமே குறிக்குமானால், சாதியால் வெளியே நிறுத்தப்பட்டவர் கணக்கிலேயே வரமாட்டார்.

சாதியைச் சொல்லும் புனைவும் சொல்லாத புனைவும்

தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குரிய தலைமக்களாக வைக்கவில்லை. அவர்களது காதலைப் பாடுவது ஐந்திணைக்குப் புறத்தே விலக்கன்று என்கிறது. அதாவது கைக்கிளை, பெருந்திணையில் வைத்துக்கொள்ளலாம். ஏவல் செய்பவர் தன் நேரத்துக்கும் உடலுக்கும் உரியவர் அல்லர். ஆகையால் நிறைந்த காதலுக்கும் உரியவர் அல்லர் என்பது உட்கிடை. பணியாளரைக் கதையின் நடுவே வைக்கத் தயங்கும் வழக்கம் அவ்வளவு பழையது.

பாரதியின் 'கண்ணன் என் சேவகன்' வேறு வகையில் கவனத்துக்குரியது. வேலைக்காரர் சொல்லும் சாக்குப்போக்குகளால் சலித்துப்போன எசமானிடம் கண்ணன் வேலை கேட்டு வருகிறான். வந்ததும் தன் சாதியைச் சொல்கிறான், இடையர் குலம். கூலி எவ்வளவு என்று கேட்டால், மனைவி மக்கள் இல்லை, ஆதரித்தால் போதும், பணம் பெரிதில்லை என்கிறான். பக்திப் பாடலாக இதன் அழகில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எசமானர் மனத்திலுள்ள இலட்சிய வேலைக்காரனின் விவரப்பட்டியலாகவும் இது இருக்கிறது: ஏற்கத்தக்க சாதி, குடும்பம் இல்லாதவன், கூலி கேளாதவன்.

தாகூரின் 'கோக்காபாபுர் பிரத்யாபர்த்தன்' (1891) கதையில் வரும் ராய்சரண் பன்னிரண்டு வயதில் வேலைக்கு வருகிறான். அவனும் எசமானரும் ஒரே காயஸ்தர் சாதி என்பதைத் தாகூர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு செய்தி இல்லையேல் கதையே நிற்காது. அவன் கவனிப்பிலிருந்த எசமானரின் குழந்தை பத்மா ஆற்றில் மறைகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் தன் சொந்த மகனையே 'இவன்தான் உங்கள் பிள்ளை' என்று கொண்டுவந்து ஒப்படைக்கிறான். ஒரே சாதி என்பதாலேயே அந்த ஒப்படைப்பு நம்பத்தக்கதாகிறது. மேத்தர் ஒருவர் தம் மகனை அவ்வாறு ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

முல்க்ராஜ் ஆனந்தின் இரு நாவல்களை அருகருகே வைத்தால் இது இன்னும் தெளிவாகும். 'அன்டச்சபிள்' (1935) நாவலின் பாக்கா துப்புரவுத் தொழிலாளி. வீட்டு வாயிலில் அமர்கிறான். ரொட்டி மேலேயிருந்து வீசப்படுகிறது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'கூலி'யின் முனூ மலைநாட்டுச் சத்திரியச் சிறுவன். வங்கி ஊழியர் வீட்டில் பாத்திரம் துலக்குகிறான். முனூ அடிபடுகிறான், ஏச்சுக் கேட்கிறான், ஓடிப்போகிறான், முடிவில் காசநோயில் இறக்கிறான். ஆயினும் அவன் அடுக்களைக்குள் நுழைந்தவன். வர்க்கம் இருவரையும் வதைக்கிறது. அடுக்களைக் கதவு மட்டும் ஒருவனுக்கே திறக்கிறது.

தமிழ்த் திரைப்படம் கையாண்ட உத்தி, பணியாளரின் சாதியைச் சொல்லாமல் விடுவது. 'படிக்காத மேதை' (1960) ரங்கன் அநாதை. விசுவாசமே அவன் அடையாளம். 'எதிர்நீச்சல்' (1968) மாது மாடிப்படிக்குக் கீழே உறங்குகிறான். குடித்தனக்காரர் அனைவருக்கும் எடுபிடி. அவனும் அநாதை. அநாதையாக்கிவிட்டால் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. 'முத்து' (1995) ஒருபடி மேலே சென்றது. ஜமீன் வீட்டில் ஏவல் செய்தவனே உண்மையான ஜமீன் வாரிசு என்று முடிந்தது. வேலைக்காரனுக்கு மரியாதை கிடைக்க வேண்டுமானால் அவன் வேலைக்காரனாக இருக்கக்கூடாது என்பதே அந்த முடிவின் பொருள். திரையரங்கில் அதற்குக் கைதட்டியவர்களில் நம்மவரும் உண்டு.

சாதி வெளிப்படையாகச் சொல்லப்படுவது ஒரே இடத்தில்: பிராமணச் சமையற்காரர். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தின் பாலக்காட்டுச் சமையற்காரர் காமேஸ்வரனின் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியை நினைவுகூர்க. அந்தச் சிரிப்பு முழுவதும் தூய்மை, தீட்டு என்னும் அச்சின்மீதே சுழல்கிறது.

இவற்றிலிருந்து விலகி நிற்பது மிருணாள் சென்னின் 'காரிஜ்' (1982). நடுத்தர வர்க்க வீடொன்றில் வேலை செய்த சிறுவன் குளிர்கால இரவில் காற்றோட்டமற்ற சமையலறையில் உறங்கி, கரிப்புகை நச்சால் இறந்துபோகிறான். வீட்டார் தீயவர்கள் அல்லர். அதுதான் அப்படத்தின் கூர்மை. போலீசு என்ன கேட்கும், அக்கம்பக்கம் என்ன பேசும் என்பதே அவர்களது கவலை. சிறுவனின் தந்தை தங்கள்மீது கைநீட்டுவாரோ என அஞ்சுகிறார்கள். அவரோ விடைபெற்றுச் சென்றுவிடுகிறார்.

திருடன் என்னும் முன்முடிவு

ஆர். கே. நாராயணின் 'லீலாஸ் ஃபிரெண்ட்' சிறுகதையைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம். சித்தா என்னும் வேலைக்காரன் சிறுமி லீலாவின் விளையாட்டுத் தோழன். அவள் சங்கிலி காணாமற்போகிறது. அவன்மீது ஐயம் எழுகிறது. போலீசு அவனைப் பிடித்து வருகிறது. பிறகு சங்கிலி புளிப்பானைக்குள் கிடக்கிறது, போட்டவள் லீலாவே. அதன்பின்னும் தந்தை, எப்படியாயினும் அப்படிப்பட்ட குற்றவாளியை வீட்டில் வைத்திருக்க முடியாது என்கிறார். குற்றம் பொய்யென்று தெரிந்த பிறகும் குற்றவாளி குற்றவாளியாகவே நீடிக்கிறான்.

இது கற்பனை மட்டும் அன்று. 2008இல் நொய்டாவில் ஒரு சிறுமி வீட்டுக்குள் கொலையுண்டபோது, காணாமற்போன ஆண் பணியாளர்மீதே முதல் ஐயம் சென்றது. மறுநாள் அவரது சடலம் அதே கட்டடத்தின் மொட்டைமாடியில் கிடைத்தது. கொலையுண்டவர் ஒரு நாள் முழுவதும் கொலையாளியாகத் தேடப்பட்டார்.

சட்டப்புத்தகமும் இம்மனநிலைக்கு அயலன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 381ஆம் பிரிவில் 'எழுத்தர் அல்லது பணியாள் செய்யும் திருட்டு' என்று தனிக்குற்றம் வகுத்தது. சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு, இதற்கு ஏழாண்டு வரை. பாரதிய நியாய சன்ஹிதா அதை 306ஆம் பிரிவாக அப்படியே எடுத்துக்கொண்டது. குடியிருக்கும் வீட்டில் யார் திருடினாலும் ஏழாண்டு வரை தண்டனை உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பணியாளின் கூலியை எசமான் திருடினால் அதற்கு இணையான தனிப்பிரிவு அச்சட்டத்தில் இல்லை. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்போ 'தொழில்' என்பதன் வரையறையிலிருந்து வீட்டுப் பணியை வெளிப்படையாகவே நீக்கிவிட்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வருவோம். சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாவதற்கு, அது 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நிகழ்ந்திருக்க வேண்டும். சுவரண் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம், வீட்டு வாயிலருகே நிறுத்தப்பட்ட காரின் பக்கத்தில் நின்றவர் ஏசப்பட்டதை அத்தகைய இடமாக ஏற்றது. ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டது அவ்வரையறைக்குள் வராது என்றது. ஆக, வாயிலில் ஏசினால் குற்றம். அடுக்களையில், வீட்டார் மட்டும் இருக்கையில் ஏசினால் இப்பிரிவின்கீழ் குற்றமில்லை. அடுக்களைக்குள் ஒரு தலித் பணியாளர் நுழையப் பல தலைமுறைகள் ஆயின. நுழைந்தபின் அங்கே அவருக்குச் சாட்சி இல்லை.

மாணவ நண்பர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த நிபந்தனை இழிசொல் தொடர்பான 3(1)(r), 3(1)(s) பிரிவுகளுக்கே உரியது. கூலியின்றி வேலை வாங்குவதை, கட்டாய உழைப்பைக் குற்றமாக்கும் 3(1)(h) பிரிவுக்குப் பொதுமக்கள் பார்வை தேவையில்லை. ஆசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் (1982) உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்த கட்டாய உழைப்பே என்று கூறியது. இவ்விரண்டையும் இணைத்துப் புகார் எழுதுவோர் குறைவு. காவல் நிலையத்தில் இழிசொல்லை மட்டும் முன்வைத்து, வழக்கு 'பார்வை'யில் சிக்கி விழுவதைக் கண்டு வருகிறோம்.

அரசுச் சம்பளத்தில் ஏவல்

ஆண் வீட்டுப் பணி மறைந்துவிடவில்லை, சீருடை அணிந்துகொண்டது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் ஆர்டர்லி முறையை ஒழிக்கும் அரசாணை 1979இலேயே வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்முறை தொடர்ந்ததால், 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் நான்கு மாதங்களுக்குள் அதை ஒழிக்குமாறு உத்தரவிட்டது. சட்டத்தைக் காக்கப் பயிற்சி பெற்ற காவலர் அதிகாரியின் வீட்டில் காய்கறி வாங்குவதும் துணி துவைப்பதும் அரசுப் பணமாகவே கணக்கில் ஏறுகிறது.

ரயில்வேயில் அதிகாரிகளின் இல்லங்களில் பணிபுரியும் 'பங்களா பியூன்' நியமனத்தை ரயில்வே வாரியம் 2020 ஆகஸ்டில் நிறுத்தியது. அதை வரவேற்றோம். ஆனால் அந்த முறையில் ஒரு முடிச்சு இருந்தது. சில ஆண்டுகள் அதிகாரி வீட்டில் ஏவல் செய்தவர் பின்னர் நிரந்தர ரயில்வே ஊழியராக முடிந்தது. தேர்வு எழுதி நுழைய வழியற்ற ஏழை இளைஞருக்கு அது ஒரு வாயில். இழிவின் வழியே திறந்த வாயில். கந்தப்பன் காலத்துச் சென்னையின் பட்லர் வேலை போலத்தான் அதுவும். இழிவை மூடினோம்; அந்த இளைஞருக்கு மாற்று வாயில் திறக்கப்பட்டதா என்பதை எவரும் கேட்கவில்லை.

வீட்டுப் பணியாளருக்கான ஐ.எல்.ஓ. 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் இயங்குகிறது. ஆனால் அது நல உதவிக்கான அமைப்பேயன்றி உரிமைக்கான மன்றம் அன்று. 2025 ஜனவரியில் அஜய் மாலிக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளருக்கான சட்டக் கட்டமைப்பை ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அப்படி ஒரு சட்டம் வருமானால், அதில் 'வீடு' என்பது தோட்டம், தொழுவம், வாகன நிறுத்துமிடம், காவலர் கூண்டு ஆகியவற்றையும் உள்ளடக்க வேண்டும் என்பது முதற் கோரிக்கையாக அமைதல் வேண்டும். தலித் ஆண்கள் இன்றும் மிகுதியாக நிறுத்தப்படும் இடங்கள் அவையே.

அதுவரை நம்மிடம் இருப்பது சாட்சியம் திரட்டும் வேலை. வேலைக்கமர்த்திய கடிதம் எவரிடமும் இராது; கூலி பெரும்பாலும் கையில் தரப்படும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிலில் பணியாளர் வரும் நேரமும் போகும் நேரமும், செல்லும் வீட்டின் எண்ணும் எழுதப்படும் பதிவேடு ஒன்று உண்டு. திருட்டைத் தடுக்கவென்று, அதாவது பணியாளரை ஐயுற்று, வைக்கப்பட்ட ஏடு அது. இன்னார் இன்ன வீட்டில் இத்தனை ஆண்டு, நாளொன்றுக்கு இத்தனை மணிநேரம் உழைத்தார் என்பதற்கு அதைவிட வலுவான ஆவணம் அரிது. நிரம்பிய ஏடுகள் பழைய தாளுக்குப் போய்விடும். ஆகவே புகார் எழுதும் நாளிலேயே, அந்த ஏட்டைப் பாதுகாத்து வைக்குமாறு குடியிருப்போர் சங்கத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்றை அனுப்பிவிடுங்கள்.